பத்தடி அகலத்தில் ஒரு கடல்

எருமப்பட்டிக்கு வடக்கே நாலு கல் தள்ளி இறங்கி, தனபால் வீடு எங்கே என்று கேட்டால் எந்தத் தனபால் என்று திருப்பிக் கேட்பார்கள். ரசியாக்காரர் என்று கேட்டால் உடனே கைகாட்டிவிடுவார்கள். மனிதர் ரசியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. முப்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு, உயரம் ஆறடி இரண்டங்குலம். டவுன் பஸ்ஸில் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டுதான் நிற்க முடியும். அந்த உயரத்தைத் தவிர ஊர் பேசும்படி அவரிடம் எதுவும் இல்லாமல்தான் இருந்தது, போன வருசம் ஆனி மாதம் வரைக்கும்.

அவருக்கு இருந்த ஒரே குறை தடம். கோழிக்கொட்டாயில் இருந்து தார்ரோடு முன்னூறு அடி. சேவலை விரட்டினால் ஒரே மூச்சில் போய்விடும். ஆனால் நடுவில் கிடப்பது பங்காளி செங்கோடனின் காடு. செங்கோடன் தனபாலுக்குப் பெரியப்பன் மகன், நாலு வயது மூத்தவர். அவர் காட்டின் ஓரமாகப் பாட்டன் காலத்து வண்டித்தடம் ஒன்று பத்தடி அகலத்தில் போய்க்கொண்டிருந்தது. பதினாலு வருசத்துக்கு முன்னால், தன் அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில், செங்கோடன் அதன் வாயில் வேலாமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். அடுத்த வாரம் கம்பிவேலி வந்தது. அடுத்த மாதம் தடத்தையும் காட்டோடு சேர்த்து உழுதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தன் வளர்ச்சி அண்ணன் கண்ணை உறுத்திவிட்டது என்பது தனபாலின் கட்சி.

பேச்சில்லை என்றால் சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் அது ஒரு பெரிய ஏற்பாடு. குலதெய்வம் கோயிலில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில்தான் பொங்கல் வைக்க வேண்டும். வைப்பார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. பொதுக்கிணற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. அதில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் செங்கோடன் தன் கன்றுக்குட்டியிடம் சொல்வார்.

"மோட்டாரப் போட்டுட்டு ஆரோ மறந்துட்டாங்களாட்ட இருக்குது, கேட்டயா?"

கன்று கேட்டதோ இல்லையோ, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் தனபால் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். பதில் ஏதாவது இருந்தால் அதைத் தன் நாயிடம் சொல்வார். இந்தப் பதினாலு வருசத்தில் அந்தக் கன்று பசுவாகி நாலு ஈத்து ஈன்றுவிட்டது. நாய் இப்போது மூன்றாவது நாய்.

இதெல்லாம் பழகிப்போனாலும் முட்டைக்குப் பழகவில்லை. முட்டை லாரி தார்ரோட்டிலேயே நின்றுவிடும். கொட்டாயில் இருந்து ஏரிக்கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் டிராக்டரில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கரை முழுக்கக் குண்டும் குழியும். எத்தனை பதனமாக ஓட்டினாலும் நடைக்கு நாலு அட்டை முட்டை உடைந்துவிடும். உடைந்ததை வீட்டில்தான் தின்று தீர்க்க வேண்டும். தனபாலின் வீட்டுக்காரி நல்லம்மா முட்டையில் செய்யாத பதார்த்தம் கிடையாது. ஒருகட்டத்தில் முட்டை வியாபாரி கறாராகச் சொல்லிவிட்டார். வருகிற தைப்பொங்கலுக்கு மேல் லாரி கொட்டாய் வாசலுக்கு வந்தால்தான் முட்டை எடுப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு ஆட்களையும் கேட்டுப் பார்த்தாயிற்று, எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தடம் கிடைக்காவிட்டால் பொங்கலோடு பண்ணையை மூட வேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான் பண்ணைக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து ஹாலந்துக்குக் கோழிப்பண்ணைக் கண்காட்சி பார்க்கப் போனார்கள். தனபாலும் போனார். கடைசி நாள் ஓய்வு. மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, இவர் காற்றாலை பார்க்கலாம் என்று ரயில் ஏறி, ஸான்டாம் என்ற ஊரில் இறங்கி, வழி தெரியாமல் சுற்றி, மழையில் மாட்டிக்கொண்டார். ஒதுங்குவதற்கு ஒரு செங்கல் கட்டடம் தெரிந்தது. உள்ளே போனால், கட்டடத்துக்குள் இன்னொரு வீடு. பழைய மரப்பலகை வீடு, கோணல்மாணலாக, நம் ஊர் கோழிக்கொட்டாயைவிட மோசமாக நிற்கிறது. அதற்குக் காவலுக்கு ஆள், அறிவிப்புப் பலகை, விளக்கு. தனபாலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகளுக்குப் போன் போட்டுப் பலகையைக் காட்டினார். மகள் சத்யபிரியா நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள்.

"ஏங்கப்பா, அங்க எப்படிப் போனீங்க?" என்றாள் அவள். "அது ரசிய ராசா பீட்டர் தங்குன ஊடுங்கப்பா. ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்தி ஏழுல."

"ராசா எதுக்குச் சாமி இந்தக் குடிசையில தங்குனான்?"

"கப்பல் கட்டப் படிக்கறதுக்கு. ராசான்னு தெரியக்கூடாதுன்னு பேர மாத்தி, மிகைலோவ்னு வெச்சுக்கிட்டு, தச்சுவேலை செய்யற ஆளாட்டம் வந்தாருங்கப்பா."

"அவனூருல கப்பலே இல்லியா?"

"கப்பல் இருந்து என்னங்கப்பா பண்றது? அத்தாம் பெரிய தேசம், கடலுக்குப் போறதுக்குச் சரியான வழி கெடையாது. வடக்க ஒரு துறைமுகம், அதுலயும் பாதி வருசம் பனிக்கட்டி. மேற்கால பால்டிக் கடல் இருக்குது. அத ஸ்வீடன்காரங்க புடிச்சு வெச்சிருந்தாங்க."

தனபால் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தடம் இல்ல," என்றார்.

"ஆமாங்கப்பா. தடம் இல்ல."

"பொறவு கெடச்சுதா?"

"சண்டை போட்டுப் புடிச்சாரு. இருவத்தியோரு வருசம்."

தனபால் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். நமக்குப் பதினாலுதான் ஆகிறது என்று ஒரு தெம்பு வந்தது. எழுந்து அந்த வீட்டை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். ராசா படுத்த இடம் சுவரில் பதித்த அலமாரி மாதிரி இருந்தது. மகள் சொன்ன கணக்கில் ஆறடி எட்டங்குல ஆள் அதற்குள் காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். தனபாலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெட்டையானவர்களின் கஷ்டம் நெட்டையானவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினாலே பீட்டர் விடுகிறான் என்பார்கள். தனபால் அசல் பீட்டரையே கொண்டுவந்து இறக்கினார். வந்த வாரமே கொட்டாயில் சீர்திருத்தம் ஆரம்பித்தது. முட்டை பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் நீலக் கோட்டும் முழங்கால் பூட்சும் எடுத்துக்கொடுத்தார். அவர்கள் கோட்டை வாங்கிச் சோளக்காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்கள். பூட்சில் ஒரு ஜோடி மட்டும் உருப்படியாகப் பயன்பட்டது, அதில் ஒரு பெட்டைக்கோழி முட்டை வைத்தது. வீட்டில் காலைக்கு ரொட்டியும் வெண்ணெயும் என்று உத்தரவானது. நல்லம்மா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ரொட்டிமேல் புளிக்குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"ராசாவுக்குப் புளிக்கொழம்பு கெடச்சிருக்காதுங்க. அதான் வெறும் ரொட்டியத் தின்னுருக்கறாரு," என்றாள்.

குழம்பு நன்றாக இருந்தபடியால் தனபால் இன்னொரு ரொட்டி கேட்டார்.

அடுத்து தாடி. ரசியாவில் பீட்டர் தன் கையாலேயே பிரபுக்களின் தாடியைக் கத்தரித்தார், வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவனுக்கு வரி போட்டார், கட்டியவனுக்கு அடையாளமாக ஒரு செப்பு வில்லை கொடுத்தார் என்று மகள் சொல்லியிருந்தாள். டிராக்டர் ஓட்டும் மணிமாறனுக்குத் தாடி உண்டு. அதை எடுக்கச் சொன்னார். பழனிக்கு வேண்டிக்கொண்டு விட்டிருக்கிறேன் என்றான் அவன். பழனியாண்டவரை எதிர்த்துச் சட்டம் போட எந்த ராசாவுக்கும் வக்கில்லை என்று தனபாலுக்குத் தெரியும், அந்தச் சீர்திருத்தம் அப்படியே நின்றது. நார்வா என்ற ஊரில் ஸ்வீடன்காரனிடம் தோற்றபிறகு ராசா தேவாலய மணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தார் என்று தனபால் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னார்.

"நம்ம கோயில் மணிமேல கைய வெச்சுப் பாருங்க," என்றாள் நல்லம்மா.

சத்யபிரியா எல்லாவற்றையும்தான் சொன்னாள். அந்த ராசா சதுப்பு நிலத்தில் புது நகரம் கட்டினார், கட்டும்போது ஆயிரக்கணக்கில் கூலியாட்கள் செத்தார்கள், பெற்ற மகனையே சிறையில் போட்டார், அவன் அங்கேயே செத்தான் என்றெல்லாம் சொன்னாள். அந்த மாதிரிக் கட்டம் வந்தால் தனபாலுக்குப் போனில் சத்தம் சரியாகக் கேட்காது. தடம் கிடைத்ததா, நகரம் எழும்பியதா, ராசாவைப் பேரரசர் என்று கொண்டாடினார்களா, அவருக்கு அது போதும்.

தடம் கேட்டுத் தனபால் போட்டிருந்த மனுவுக்கு மார்கழியில் தாலுகாவில் இருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை சர்வேயர் வந்து தடத்தை அளப்பார். பழைய புலப்படத்தில் தடம் இரண்டு கோடாகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கோடு ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அளவுக்கல் இருக்க வேண்டும். அது கிடைத்தால்தான் அங்கிருந்து நாடாவை இழுக்க முடியும். கல்லைச் செங்கோடன் உழுது மூடிவிட்டார் என்று தனபால் மனுவில் எழுதியிருந்தார். இங்கே கல்லே இருந்ததில்லை என்று செங்கோடன் தன் பசுவிடம் சொல்லியிருந்தார்.

தடத்தின்மேல் இப்போது செங்கோடனின் சின்ன வெங்காயம். செவ்வாய்க்கிழமை பிடுங்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் தனபாலுக்குப் பொறிதட்டியது. வெங்காயத்தோடு மண்ணைக் கிளறும்போது கல் எங்கேயாவது கையில் படும். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டால் வியாழக்கிழமை சர்வேயரிடம் காட்டிவிடலாம். உள்ளே போவதுதான் எப்படி? ராசா எப்படிப் போனாரோ அப்படித்தான்.

மகளிடம் சாடையாகக் கேட்டார். "அந்த மிகைலோவு வேசம் நல்லா வேலை செஞ்சுதா சாமி?"

"எங்கீங்கப்பா? அத்தாம் ஒசர ஆள் எப்படி மறையறது? ஒரு வாரத்துல ஊரே தெரிஞ்சு கூட்டம் கூடிருச்சு. அவரு அங்கிருந்து ஓடியே போயிட்டாரு."

ஒரு வாரம் நின்றிருக்கிறது என்று தனபால் எடுத்துக்கொண்டார். நமக்கு ஒருநாள் போதும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அழுக்கு வேட்டியும், தலையில் பாதி நெற்றிவரை இறக்கிக் கட்டிய உருமாலையுமாகப் போய் வெங்காயக்காட்டில் நின்றார். பிடுங்க வந்த பதினாறு பேரும் பெண்கள். அவர்களை அழைத்து வந்தவள் அத்தாயி, அறுபது வயசிருக்கும். அவளும் அவள் கூட்டமும் வாரத்தில் மூன்று நாள் தனபாலின் கொட்டாயில்தான் முட்டை பொறுக்குகிறார்கள். இந்த விஷயம் தனபாலுக்கு அந்த நிமிசம்தான் நினைவு வந்தது. நீலக் கோட்டு எடுத்துக்கொடுத்ததும் இவர்களுக்குத்தான்.

அத்தாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஆருங்க நீங்க?"

"வேலைக்கு வந்தனுங்க."

"பேரு?"

"மிக்கேலுங்க."

"கிறிஸ்தவங்களா?"

"ஆமாங்க."

"நெத்தியில திருநீறு இருக்குதுங்களே."

தனபால் உருமாலையை இன்னும் ஓர் அங்குலம் இறக்கினார். அத்தாயி அதற்குமேல் கேட்கவில்லை. கடைசிப் பாத்தியைக் காட்டி, "அதுல உக்காருங்க," என்றாள். பின்னால் பதினைந்து பெண்களும் முந்தானையை வாயில் வைத்து இருமினார்கள்.

வெங்காயம் பிடுங்குவதை லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் பிடுங்கிப் பார்க்க வேண்டும். தாளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மண்ணை உதறி, தலையெல்லாம் ஒருபக்கமாக வைத்து அடுக்கிக்கொண்டே குந்தி நகர வேண்டும். பெண்கள் பேசிக்கொண்டே பாதிப் பாத்தி போய்விட்டார்கள். தனபால் இரண்டு முழம் தாண்டுவதற்குள் முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின. தாள் மட்டும் கையோடு வந்து வெங்காயம் மண்ணிலேயே தங்கியது. ஆனாலும் விடாமல் விரலை ஆழமாக விட்டுத் துழாவினார். வெங்காயம் போக மற்ற எல்லாம் அகப்பட்டது, கல்லைத் தவிர.

எட்டு மணிக்குச் செங்கோடன் குடையும் கையுமாக வந்தார். வரப்பில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பாத்தியில் நின்றார். தனபால் முகத்தை மறுபக்கம் திருப்பினார். இப்போது விரட்டிவிடுவார், ஊர் சிரிக்கும், வியாழக்கிழமையும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தாயி, ஆரு இந்த ஆளு?"

"சேலத்துப் பக்கமுங்க. மிக்கேலாமா."

செங்கோடன் பாத்தியில் அறுந்து கிடந்த தாள்களைப் பார்த்தார். பிறகு, "ஏப்பா மிக்கேலு, தாள மட்டும் அத்துப் போட்டுட்டுப் போறயே. வெங்காயத்த ஆரு புடுங்கறது?" என்றார்.

பதினாலு வருசத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. நாய் இல்லை, கன்று இல்லை, நேராக முகத்தைப் பார்த்து. தனபாலுக்கு ரோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த கொத்தை அடியோடு சேர்த்துப் பிடித்தார்.

"சரிங்க," என்றார்.

பத்து மணிக்குச் செங்கோடனின் சம்சாரம் தூக்குப்போசியில் டீ கொண்டுவந்தாள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, தனியாக மூடிக் கொண்டுவந்த ஒரு டம்ளரைக் கடைசிப் பாத்திக்கு எடுத்து வந்தாள்.

"இது சர்க்கரை போடாததுங்க," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

தனபாலுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருசம் ஆகிறது. பேச்சில்லாத வீட்டில் அது தெரிந்திருக்கிறது. டீயைக் குடிக்கும்போது, ஸான்டாமில் ராசாவுக்குக் கூட்டம் கூடிய கதையை மகள் சொன்னது அவருக்கு இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. எல்லாருக்கும் தெரியும், காலையில் இருந்தே தெரியும். எழுந்து போகலாமா என்று பார்த்தார். ஆனால் செங்கோடன் குடையை மடக்கிவிட்டு அவர் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எந்த ஊரு, மிக்கேலு?"

"செவ்வாய்ப்பேட்டைங்க."

"அங்க வெங்காயம் வெளையுதா?"

"மண்டி இருக்குதுங்க."

"அதான் தாள் எது, வெங்காயம் எதுன்னு தெரியல." செங்கோடன் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார். "இங்க தனபாலுன்னு ஒருத்தன் இருக்கறான். தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கறனுங்க."

"எப்படியாப்பட்ட ஆளு?"

"நல்ல மனுசன்னு சொன்னாங்க."

பக்கத்துப் பாத்தியில் மறுபடியும் இருமல் பரவியது. செங்கோடன் சிரிக்கவில்லை.

"அவன் எனக்குத் தம்பி. எங்கப்பன் அவனுக்குப் பெரியப்பன். மோகனூர்த் தேருக்கு அவனத் தோள்ல வெச்சு நடந்தே கூட்டிட்டுப் போன மனுசன். நானும் கூடப் போனேன், நான் நடந்துதான் போனேன். அந்த மனுசன் செத்துக் கருமாதி பண்றோம். முன்னூறு பேருக்கு எலை போட்டாச்சு. அன்னைக்குன்னு பாத்து இவன் கொட்டாயில எருவ வாரிப் போட்டுட்டான். ஈயின்னா ஈ, அப்பிடியொரு ஈ. சோத்துமேல கருப்பா உக்காந்துச்சு. எங்க மாமனூட்டு ஆளுகள்லாம் எலைய உட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்கப்பன் பேரச் சொல்லிப் போட்ட சோறு மிக்கேலு, அப்பிடியே கெடந்துச்சு."

தனபாலின் கை நின்றுவிட்டது.

"நான் ஓடிப்போய்ச் சொன்னேன். புதுசா காத்தாடி மாட்டிட்டு இருந்தான். திரும்பிக்கூடப் பாக்கல. ஈ என்ன நான் சொன்னாக் கேக்குமா, எலைய மூடிட்டுத் திங்கச் சொல்லுங்கன்னான். மூடுனேன். எலைய இல்ல, தடத்த. அதுக்கப்பறம் நோட்டீசு உட்டான், வக்கீல உட்டான், தாலுகாவுக்கு எழுதுனான். அன்னைக்குச் சொன்னது தப்புங்கண்ணான்னு ஒரு வார்த்தை கேக்கல."

அந்தப் பேச்சு தனபாலுக்கு நன்றாக நினைவிருந்தது. தான் அன்றைக்குச் சொன்ன நல்ல பதில் என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருந்தது. பெரியப்பன் தோளில் இருந்து பார்த்தபோது தேர் எத்தனை கிட்டே தெரிந்தது என்பதும் நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. தன் பெயரில் வந்திருந்தால் எழுந்து போயிருப்பார், இல்லாவிட்டால் பதிலுக்குப் பத்து நியாயம் பேசியிருப்பார். மிக்கேலுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை.

"அந்தத் தனபாலு செஞ்சது தப்புங்க," என்றார் மிக்கேல். "பெரியப்பன் எலையில உக்காந்த ஈய அவந்தான் முன்னால வந்து ஓட்டியிருக்கோணும்."

செங்கோடன் உரித்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"இது மிக்கேலு சொல்றதா?"

"மிக்கேலுதானுங்க சொல்றேன்." ஒரு மூச்சு விட்டுச் சொன்னார். "தனபாலக் கேட்டாலும் இதையேதானுங்க சொல்வான்."

செங்கோடன் எழுந்து குடையை விரித்தார். "வரிசைய உடாமப் புடுங்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் பத்தடி போயிருப்பார். தனபால் அடுத்த கொத்தைப் பிடித்து இழுத்தார், விரல் கல்லில் இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தார். நாலு பக்கமும் கொத்திய சதுரக்கல், தலையில் அம்புக்குறி. பதினாலு வருசமாகத் தேடிய கல். போன் மடியிலேயே இருக்கிறது, எடுத்து ஒரு படம் பிடித்தால் ஆயிற்று. பீட்டராக இருந்தால் அந்த இடத்திலேயே கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருப்பார். தனபால் தலையைத் தூக்கினார். செங்கோடன் வரப்புத் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனபால் குனிந்து, கல்லின்மேல் மண்ணைத் தள்ளி மூடி, அடுத்த கொத்துக்கு நகர்ந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அத்தனையும் கேட்டுவிட்டு, அதே காட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கல்லைத் திருடுவதற்குக் கை வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் நல்லம்மா அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

"கல்லு கெடச்சுதுங்களா?"

"இல்ல."

நல்லம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த முழங்காலுக்கு நகர்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டார். "அந்தச் சண்டை கடைசியில எப்படிச் சாமி முடிஞ்சுது?"

"உடன்படிக்கை போட்டாங்கப்பா. ராசாவுக்குக் கடல் கெடச்சுது."

"அதில்ல. அந்த ஸ்வீடன் ராசாவும் இவனும் ஒருநாளாவது எதுருக்கெதுரு நின்னு பேசிக்கிட்டாங்களா?"

சத்யபிரியா கொஞ்சம் யோசித்தாள். "இல்லைங்கப்பா. ஒருநாளும் பேசிக்கல. அவரு சண்டை முடியறதுக்கு முன்னாலயே செத்துப்போயிட்டாரு."

"இருவத்தியோரு வருசத்துல ஒரு பேச்சில்லையா?"

"இல்லைங்கப்பா."

இந்த முறை தனபாலுக்குச் சத்தம் நன்றாகவே கேட்டது. பொங்கலுக்கு மேல் கோழிகளை யாருக்கு விற்பது என்று அன்றைக்கு முதல்முறையாக யோசிக்க ஆரம்பித்தார்.  ஆனாலும் கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை சர்வேயர் உதவியாளோடு வந்தார். புலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு வெறும் பாத்திகளில் மேலும் கீழும் நடந்தார், நாலு இடத்தில் கடப்பாறை போட்டார். ஒன்றும் இல்லை. தனபால் ஒரு பக்கமும் செங்கோடன் ஒரு பக்கமும் நின்றார்கள். நடுவில் செங்கோடனின் பசு மேய்ந்துகொண்டிருந்தது.

சர்வேயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தனபாலிடம் வந்தார். "கல்லு இருக்குதுன்னு நீங்கதானுங்க மனு குடுத்தீங்க. எந்த எடம்னு தெரியுமா?"

தனபால் காட்டைப் பார்த்தார். கடைசிப் பாத்தி, மேற்கு ஓரத்தில் இருந்து பன்னிரண்டாவது முழம். கண்ணை மூடிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்.

"எனக்குத் தெரியலைங்க," என்றார்.

"கல்லு இல்லீனா நான் எங்கிருந்துங்க இழுக்கறது? இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்." சர்வேயர் நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார்.

செங்கோடன் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தார். பசுவைத் தட்டி ஒதுக்கிவிட்டுக் கடைசிப் பாத்தியில் இறங்கி, மேற்கு ஓரத்தில் இருந்து எண்ணிக்கொண்டு போகிற மாதிரி நடந்து, ஓர் இடத்தில் நின்று செருப்புக்காலால் மண்ணை விலக்கினார்.

"கல்லு இங்க இருக்குதுங்க. எழுதிக்குங்க," என்றார் சர்வேயரிடம்.

பிறகு திரும்பினார். பசு பக்கத்திலேயே நின்றது. அதைப் பார்க்கவில்லை.

"தனபாலு, எரு வண்டிய மட்டும் தார்ப்பாய் போட்டு மூடி ஓட்டச் சொல்லு."

தனபால் பாத்தியில் இறங்கி இரண்டு எட்டு வைத்தார். அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுப் பதினாலு வருசம் ஆகிவிட்டது.

"சரிங்கண்ணா," என்றார்.